காலில் அட்டைக்கடி, தொடையிடுக்கில் நெறி: இடையில் நடப்பது என்ன?

கேள்வி: மதிப்பிற்குரிய மருத்துவர் அவர்களுக்கு வணக்கம். நான் பந்தலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். மழைக்காலத்தில் அட்டைக்கடி எங்களுக்குப் புதிதல்ல. உப்புப் பொட்டலம் இடுப்பிலேயே இருக்கும். சென்ற மாதம் வலது காலின் உட்புறம், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே அட்டை கடித்த இடத்தைத் தூக்கத்தில் சொறிந்துவிட்டேன். இரண்டு நாளில் அது சீழ் வைத்தது. மூன்றாம் நாள் வலது தொடையிடுக்கில் கோலிக்குண்டு அளவுக்கு நெறி கட்டி, நடக்கவே வலித்தது. என் மாமியார் "விஷம் மேலே ஏறிவிட்டது" என்று சொல்லி, எண்ணெய் தொட்டு நெறியை நீவிவிட்டார். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டார். இப்போது புண் ஆறிவிட்டது, நெறியும் சுருங்கி வருகிறது. ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. புண் இருந்தது காலில், வீங்கியது தொடையிடுக்கில். இடையில் முழங்காலிலும் தொடையிலும் ஒன்றுமே இல்லை. அது எப்படி?
— ஒரு வாசகி, பந்தலூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, இடையில் ஒன்றுமே இல்லை என்பதைக் கவனித்து எழுதியிருக்கிறீர்களே, விடை அதில்தான் இருக்கிறது. உங்கள் மாமியார் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. காலிலிருந்து ஏதோ ஒன்று மேலே ஏறியது உண்மை. ஆனால் ஏறியதில் பெரும்பகுதி, புண்ணில் என்ன நடக்கிறது என்ற செய்தி. அந்தச் செய்தி போய்ச் சேர்ந்த இடம்தான் வீங்கியது. செய்தியைச் சுமந்து சென்ற நீருக்கு நிணநீர் என்று பெயர்.

முழங்காலைச் சிராய்த்துக்கொண்டால், இரத்தம் நின்ற பிறகும் வைக்கோல் நிறத்தில் ஒரு நீர் துளிர்த்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் உடலின் ஒவ்வொரு செல்லும் அத்தகைய நீரில்தான் நனைந்து கிடக்கிறது. மயிரிழையைவிட நுண்ணிய இரத்தத் தந்துகிகளின் சுவர் வழியாக நீரும் உப்பும் சிறிது புரதமும் இடைவிடாமல் கசிந்து, செல்களுக்கு இடையே பரவுகின்றன. பாடநூல்கள் தரும் கணக்கின்படி ஒரு நாளில் இப்படிக் கசிவது ஏறத்தாழ 20 லிட்டர்; அதில் பெரும்பகுதி இரத்தத்துக்கே திரும்பிவிட, மிஞ்சும் 2 முதல் 4 லிட்டர் வரையிலான நீர், நிணநீர் நாளங்கள் என்ற தனிக் குழாய்களில் இறங்குகிறது. கழுத்தடியில் உள்ள பெரிய சிரைகளில் போய்க் கலந்து, அதுவும் கடைசியில் இரத்தமாகிறது. (நிணம் என்பது பழந்தமிழில் கொழுப்பைக் குறிக்கும் சொல். குடலிலிருந்து வரும் நிணநீர் நாம் உண்ட கொழுப்பைச் சுமந்து பால்போல் வெளுத்திருக்கும். 1622இல் இத்தாலிய மருத்துவர் காஸ்பரே அசெல்லி, அப்போதுதான் தீனி தின்றிருந்த ஒரு நாயின் வயிற்றில் இந்த நாளங்களை முதலில் கண்டதும் அந்த வெண்மையால்தான். காலிலிருந்து வரும் நிணநீரோ தெளிவானது. அதனால்தான் அது செல்லும் வழி கண்ணுக்குத் தெரிவதில்லை.)

இந்த நீர் இறங்கும் வாய் எப்படி அமைந்திருக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நிணநீர்த் தந்துகியின் ஒரு முனை மூடியது. அதன் சுவரில் உள்ள செல்கள், ஓட்டுக்கூரையில் ஒரு ஓட்டின் விளிம்பு அடுத்ததன் மேல் படிவதைப் போல, ஒன்றன் விளிம்பு மற்றொன்றின் மேல் படிந்திருக்கின்றன. அவற்றின் வெளிப்புறத்தை நுண்ணிய இழைகள் சுற்றுத் திசுவோடு கட்டிவைத்திருக்கின்றன. ஓரிடத்தில் நீர் கூடித் திசு உப்பினால் அந்த இழைகள் இழுபட்டு விளிம்புகள் திறக்கின்றன. உள்ளே சென்ற நீர் திரும்ப முயன்றால் அதே விளிம்புகள் அழுந்தி மூடிக்கொள்கின்றன. எங்கே வீக்கம் அதிகமோ அங்கே வாய் அதிகம் திறக்கிறது என்ற இந்த ஒழுங்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை. இரத்தத் தந்துகிக்குள் எளிதில் நுழைய முடியாத பெரிய புரதங்கள், செத்த செல்களின் துணுக்குகள், பாக்டீரியாக்கள், உயிருள்ள செல்கள் எல்லாம் இந்த வாய் வழியாகப் போய்விடும்.

மலையில் வாழும் உங்களுக்கு இதைச் சொல்வது எளிது. மழைக்குப் பிறகு கீழே ஓடும் ஓடையைப் பார்த்தே மேலே என்ன நடந்தது என்று நம் ஊரார் சொல்லிவிடுவார்கள். செம்மண் கலங்கி வந்தால் மேட்டில் யாரோ காரட்டுக்கோ உருளைக்கிழங்குக்கோ நிலம் கிளறியிருக்கிறார்கள்; இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால் கவாத்து நடந்திருக்கிறது; தெளிவாக வந்தால் சோலைக்குள்ளிருந்து வருகிறது. மேடு முழுவதையும் ஏறிப் பார்க்காமலே, எல்லாச் சரிவின் நீரும் கூடும் இடத்தில் ஒருவர் நின்றால் போதும். உடல் தன் திசுக்களைக் கண்காணிப்பது ஏறக்குறைய இப்படித்தான். ஓடை கூடும் அந்த இடங்களுக்கு நிணநீர்க்கணுக்கள் என்று பெயர். அவரை விதை வடிவில், பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான அளவில், உடலில் சுமார் 600 கணுக்கள் உள்ளன. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, வயிற்றின் உட்பகுதி ஆகிய இடங்களில் கூட்டங்கூட்டமாக இருக்கின்றன. நாம் நெறி என்று சொல்வது வீங்கிய கணுவைத்தான்.

இனி உங்கள் காலில் நடந்ததைப் பார்ப்போம். அட்டையின் எச்சிலில் இரத்தத்தை உறையவிடாத பொருள் உண்டு. அது தனியே நெறி கட்டவைக்கும் அளவுக்குக் கெடுதல் செய்வதில்லை. சொறிந்தபோது நகத்திலும் தோலிலும் இருந்த பாக்டீரியாக்கள் உள்ளே இறங்கியதே காரணமாக இருக்க வேண்டும். அங்கிருந்து இரண்டு வகையில் செய்தி கிளம்பியது. முதலாவது, நீரோடு தானாக மிதந்து வருவது: பாக்டீரியாவின் துணுக்குகளும் சில முழு பாக்டீரியாக்களும் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் கணுவை அடைந்துவிடும். கணுவின் வெளியுறைக்குக் கீழே, நீர் நுழையும் இடத்திலேயே, விழுங்கும் செல்கள் வரிசையாக இருந்து அவற்றைப் பிடித்துக்கொள்கின்றன. இரண்டாவது, ஆள் வழியாக வருவது. தோலிலும் மற்றத் திசுக்களிலும் டென்ட்ரிட்டிக் செல்கள் என்ற கிளைவிட்ட செல்கள் கைகளை நீட்டியபடி காத்திருக்கின்றன. இவற்றை 1973இல் ரால்ஃப் ஸ்டைன்மனும் சான்வில் கோனும் விவரித்தார்கள். ஸ்டைன்மனுக்கு 2011இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. இந்தச் செல் புண்ணில் உள்ள அந்நியப் பொருளை விழுங்கி, துண்டாக்கி, அத்துண்டுகளைத் தன் மேற்பரப்பில் ஏந்திக்கொண்டு, இருந்த இடத்தை விட்டுக் கிளம்பி நிணநீர் நாளத்துக்குள் புகுகிறது. கணுவைச் சேர ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும்.

புண் காலில் இருக்கும்போது போரை அங்கேயே நடத்தாமல் எதற்காக இவ்வளவு தூரம் செய்தி போக வேண்டும்? முதற்கட்டப் போர் அங்கேயே நடக்கத்தான் செய்கிறது. சீழ் என்பது அந்தப் போரில் மடிந்த வெள்ளணுக்களின் குவியல். ஆனால் குறிப்பிட்ட ஒரு கிருமியை மட்டும் அடையாளம் கண்டு தாக்கும் லிம்போசைட் செல்கள் மிக அரியவை. லிம்போசைட்டுகளில் டி செல், பி செல் என்று இரு முக்கிய வகைகள் உண்டு. ஒரு கிருமியின் ஒரு துண்டுக்குப் பொருந்தக்கூடிய டி செல், ஒரு லட்சத்தில் ஒன்று, சில வேளை பத்து லட்சத்தில் ஒன்று என்ற விகிதத்தில்தான் இருக்கிறது. அந்த ஒன்று உங்கள் காலில் அந்த நேரத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே உடல் இரு தரப்பையும் ஒரே இடத்துக்கு வரவழைக்கிறது. செய்தி நிணநீர் வழியாகக் கணுவுக்கு வருகிறது. லிம்போசைட்டுகள் இரத்தத்திலிருந்து, இதற்கென்றே தனியாக அமைந்த சிரை நுண்குழல்களின் சுவரை ஊடுருவி, அதே கணுவுக்குள் நுழைகின்றன. ஒரு டி செல் ஒரு கணுவில் அரை நாளிலிருந்து ஒரு நாள் வரை தங்கி, அங்கே ஏந்தி நிற்கும் துண்டுகளைத் தொட்டுப் பார்த்து, பொருந்தவில்லை என்றால் வெளியேறும் நிணநீரோடு போய் மீண்டும் இரத்தத்தில் சேர்ந்து அடுத்த கணுவுக்குச் செல்கிறது. லிம்போசைட்டுகள் இப்படி ஓயாமல் சுற்றிவருகின்றன என்பதை 1950களின் இறுதியில் ஜேம்ஸ் கவன்ஸ் எலிகளில் செய்த சோதனைகள் நிறுவின.

புண்ணிலிருந்து அபாயச் செய்தி வந்ததும் கணு இரண்டு காரியங்களைச் செய்கிறது: உள்ளே வரும் இரத்தத்தைப் பெருக்குகிறது, வெளியே போகும் லிம்போசைட்டுகளைச் சிறிது காலம் தடுத்து வைக்கிறது. வருகை கூடிப் போக்குக் குறைந்தால் கணு பெருக்கத்தானே வேண்டும்? அதன் பிறகு பொருத்தமான செல் கிடைத்ததும் அது பிரியத் தொடங்கி, ஒரு வாரத்துக்குள் ஆயிரக்கணக்கில் பெருகுகிறது. பி செல்கள், கிருமியைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதங்களை உருவாக்கத் தொடங்குகின்றன. கணுவின் உறை இழுபடுவதால் வலிக்கிறது. நீங்கள் தொட்டு உணர்ந்த கோலிக்குண்டு இதுதான். பெருகிய செல்கள் நேராகக் காலுக்கு இறங்கிப் போவதில்லை. நிணநீரோடு மேலே சென்று, கழுத்தடியில் இரத்தத்தில் கலந்து, இதயம் வழியாக உடலெல்லாம் சுற்றி, புண்ணருகே இரத்தக்குழாயின் உட்சுவர் காட்டும் அடையாளத்தைக் கண்டு அங்கே இறங்குகின்றன.

முழங்கால் ஏன் தப்பியது என்றால், காலின் உட்புறத் தோலிலிருந்து வரும் நாளங்கள் பெரிய மேற்சிரையை ஒட்டி முழங்காலைக் கடந்து நேரே தொடையிடுக்குக்கே செல்கின்றன. அட்டை உங்கள் குதிகாலின் வெளிப்புறத்தில் கடித்திருந்தால் முழங்காலின் பின்குழியில் உள்ள கணு முதலில் வீங்கியிருக்கலாம்.

புண்ணே இல்லாத நாளிலும் இந்த ஓட்டம் நிற்பதில்லை என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். நலமாக உள்ள திசுவிலிருந்தும் அதன் சொந்தப் புரதத் துணுக்குகள் நிணநீரில் கணுவுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. டென்ட்ரிட்டிக் செல்களும் அமைதியான செய்தியோடு வருகின்றன. அபாய அறிகுறி ஏதுமின்றிக் காட்டப்படும் துண்டைச் சந்திக்கும் டி செல் பெரும்பாலும் அடங்கிப்போகிறது அல்லது அழிகிறது. தன் உடலைத் தானே தாக்காதிருக்க உடல் கற்றுக்கொள்ளும் வழிகளில் இதுவும் ஒன்று. மூளைக்கு இத்தகைய வடிகால் இல்லை என்றே நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. மூளையைச் சூழ்ந்த உறையில் நிணநீர் நாளங்கள் உண்டு என்பதை 2015இல் இரு ஆய்வுக்குழுக்கள் எலிகளில் காட்டிய பிறகு அந்தப் பாடம் மாறியது.

இனி, செய்ய வேண்டியவை. நெறியை அழுத்தி நீவிவிட வேண்டாம். வேலை நடக்கும் இடத்தைக் கசக்குவதால் வலிதான் மிஞ்சும். சுண்ணாம்புப் பற்று தோலைப் புண்ணாக்கக்கூடும். கவனம் எப்போதும் மேட்டில், அதாவது புண்ணில் இருக்கட்டும்: சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள், தேவையானால் மருத்துவர் தரும் மருந்தை முழுமையாக எடுத்துக்கொள்ளுங்கள். புண்ணிலிருந்து தொடையிடுக்கை நோக்கிச் சிவந்த கோடு ஒன்று ஓடினால், நிணநீர் நாளத்திலேயே தொற்று பரவுகிறது என்று பொருள்; கயிற்றால் இறுக்கிக் கட்டாமல், அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

புண் எதுவும் தெரியாமல் காய்ச்சலும் நெறியும் சேர்ந்து வந்தால், அந்தக் கணுவுக்கு நீர் வரும் பகுதி முழுவதையும் தேடிப் பாருங்கள். உள்பாவாடை இறுக்கும் இடுப்பிலோ, அக்குளிலோ, மார்பின் அடியிலோ, வலிக்காத, சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு ஒன்று இருந்தால் அது புதர்களில் வாழும் நுண்சிலந்தியின் இளம்பருவம் கடித்ததால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலாக இருக்கலாம். காலத்தில் கண்டால் டாக்சிசைக்ளின் போன்ற எளிய மருந்தில் குணமாகும்; காலம் தாழ்ந்தால் உயிரையே பறிக்கும். ஆகவே அந்தப் பொருக்கை மருத்துவரிடம் கூச்சமின்றிக் காட்டுங்கள். சாதாரண நெறி சில வாரங்களில் சுருங்கிவிடும். நான்கு வாரம் கடந்தும் சுருங்காதது, கல்லைப் போல் கெட்டியாக அசையாமல் இருப்பது, காறை எலும்புக்கு மேலே தோன்றுவது, எடைக்குறைவோடும் இரவு வியர்வையோடும் வருவது, கண்டமாலை என்று நம் முன்னோர் சொன்னபடி கழுத்தில் கோத்தாற்போல் வரிசையாக எழுவது ஆகியவற்றைக் காசநோய்க்கும் புற்றுநோய்க்கும் சோதித்தே ஆக வேண்டும்.

கேள்வி: ஐயா, என் மகனைத் தெருநாய் காலில் கடித்தது. கடித்த இடத்தில் ஓர் ஊசி போட்டார்கள். பிறகு தடுப்பூசியை இரண்டு கைகளிலும் போட்டார்கள். காலில் கடித்ததற்குக் கையில் போட்ட ஊசி எப்படிக் காக்கும்?
— ஒரு தந்தை, குன்னூர்

பதில்: 1907இல் வெறிநாய்க்கடி சிகிச்சைக்கென்று பாஸ்டர் நிறுவனம் தொடங்கிய ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்திருப்பதில் மகிழ்ச்சி. மேலே சொன்னதையே இங்கும் பொருத்திப் பாருங்கள். கையின் தோலுக்குள் போட்ட மருந்து நிணநீரோடு அக்குள் கணுக்களுக்குச் செல்கிறது. இரண்டு கையிலும் போட்டால் இரண்டு அக்குள்களிலும் வேலை தொடங்குகிறது. அங்கே உருவாகும் எதிர்ப்புரதம் இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் செல்வதால், காலும் காக்கப்படுகிறது. செய்தி எந்தக் கணுவில் சேர்ந்தாலும் விடை உடல் முழுவதற்கும் கிடைக்கும்.

ஆனால் அந்த விடை உருவாக ஏழு நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். வெறிநாய்க்கடி வைரஸின் கொடுமை என்னவென்றால், அது நரம்புக்குள் புகுந்து நரம்பு வழியாகவே மூளைக்கு ஏறுகிறது. கணுக்களுக்குத் தன்னைப் பற்றிய செய்தி போதுமான அளவு போகவிடாமல் நழுவிவிடுகிறது. கண்காணிப்பு கோட்டைவிடும் இந்த இடத்தைத்தான் தடுப்பூசி ஈடுகட்டுகிறது. இடைப்பட்ட நாட்களுக்காகவே, ஏற்கெனவே தயாரித்த எதிர்ப்புரதத்தைக் கடிவாயிலேயே செலுத்தினார்கள். அட்டவணையில் ஒரு நாள்கூடத் தவறாமல் மீதி ஊசிகளையும் போட்டுவிடுங்கள். அக்குளில் சிறு நெறி தட்டுப்பட்டால் அஞ்ச வேண்டாம்.

கேள்வி: என் அக்காவுக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் இடது மார்பில் புற்றுநோய் அறுவை நடந்தது, அக்குளில் இருந்த கணுக்களையும் எடுத்துவிட்டார்கள். இடது கை சற்று வீங்கியே இருக்கிறது. அந்தக் கையில் சிறு கீறலும் படக்கூடாது என்கிறார்கள். எங்களுக்குச் சொந்தமாக அரை ஏக்கர் தேயிலை. கத்தரி பிடித்துக் கொழுந்து வெட்டாமல் இருக்க முடியாது. இந்த எச்சரிக்கை அவசியந்தானா?
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: அவசியம், சகோதரி. மார்பகப் புற்றுச் செல்கள் பரவும் முக்கியமான வழிகளில் ஒன்று இந்த நிணநீர் ஓடையே. அதனால் இப்போது பல நோயாளிகளுக்கு, நீலச் சாயத்தையோ மெல்லிய கதிரியக்கப் பொருளையோ மார்பில் செலுத்தி, அது முதலில் சென்று சேரும் ஓரிரு கணுக்களை மட்டும் எடுத்துச் சோதிக்கிறார்கள். அவை தூய்மையாக இருந்தால் மற்றவற்றை விட்டுவிடுகிறார்கள். உங்கள் அக்காவுக்கு எல்லாவற்றையும் எடுக்க வேண்டிய நிலை இருந்திருக்கிறது.

ஓடையின் வாயை அடைத்தால் மேட்டு நிலம் சதுப்பாவதைப் போல, அந்தக் கையில் நீரும் புரதமும் தேங்குகின்றன. வீக்கத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறு. கீறல் வழியே கிருமி நுழைந்தால் அதைச் சுமந்து செல்லும் ஓட்டம் மந்தமாகிவிட்டது. சந்திப்பு நடக்க வேண்டிய கணுக்களும் அங்கே இல்லை. உடலின் மற்றப் பகுதிகள் இந்த வேலையைச் செய்யத்தான் செய்கின்றன, ஆனால் தாமதமாக. அதற்குள் கிருமி பெருகிவிடும். ஒவ்வொரு தொற்றும் மிஞ்சியிருக்கும் நாளங்களைத் தழும்பாக்குவதால் அடுத்த தொற்றுக்கு வழி இன்னும் எளிதாகிறது. யானைக்கால் நோயில், நிணநீர் நாளத்துக்குள் வாழும் புழு அதைப் பழுதாக்கிய பிறகு, காலில் அடிக்கடி காய்ச்சலோடு தொற்று வருவதும் இதே காரணத்தால்தான்.

வேலையை விட்டுவிடச் சொல்லவில்லை. கையை அசைப்பது நல்லது, தசை சுருங்கும்போதுதான் நிணநீர் மேலே தள்ளப்படுகிறது. முழங்கை வரை மறைக்கும் தடித்த கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணியட்டும். மாலையில் கையைக் கழுவித் துடைத்து, பனிக்காலத்தில் தோல் வெடிக்காமல் தேங்காயெண்ணெய் தடவட்டும். இரத்த அழுத்தம் பார்த்தாலே கை வீங்கிவிடும் என்ற அச்சம் தேவைக்கு மிஞ்சியது. இருந்தாலும் ஊசிக்கு வலது கையைத் தருவதே நல்லது. வீக்கத்துக்கு அழுத்தக் கையுறை அணியலாமா என்பதை அறுவை செய்த மருத்துவமனையில் கேளுங்கள். கை சிவந்து, சூடாகி, குளிர்காய்ச்சலும் வந்தால், அதை வேலைக் களைப்பு என்று எண்ணி மறுநாள் பேருந்துக்குக் காத்திராமல், இரவானாலும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்; அந்தக் கையில் கணுக்கள் எடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.